தரையின் கண்ணும் விண்ணின் கண்ணும்

ஒரு பொருளை விண்ணில் ஏற்றிச் சுற்றவிடுதல் அரிய செயல். ஏற்றிய பொருள் இந்நேரம் எவ்விடத்தில் உள்ளது, நாளை இந்நேரம் எவ்விடத்தில் இருக்கும் என்று தவறாமற் சொல்லுதலும் அதற்கு இளைத்த செயலன்று. முன்னதைப் பற்றி நம் மாணவர் ஓரளவு அறிவர். பின்னதைப் பற்றிப் பேசுவார் மிகச் சிலரே. ஆயின், பின்னது தளர்ந்தால் முன்னதன் பயனும் கெடும் என்பதை 2009-ஆம் ஆண்டில் உலகம் கண்டது. தரையில் நின்று விண்ணை நோக்கிய கருவிகளும், விண்ணிலேயே நின்று விண்ணை நோக்கும் கருவிகளும் எவ்வாறு ஒன்று சேர்ந்தன, அச்சேர்க்கை எதனால் கைகூடிற்று என்பதை ஆசிரிய அன்பர்களுக்கும் தமிழ் வாசகர்களுக்கும் எடுத்துரைப்பது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தொலைந்த கோள்

வானத்துப் பொருளைக் கண்டு, பின் தொலைத்துவிட்டுத் தேடும் தொல்லை பழையது. 1801-ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள், சிசிலித் தீவின் பலெர்மோ நகரில் பியாட்சி என்னும் வானநூலார் சீரிஸ் என்ற சிறு கோளைக் கண்டார். ஏறத்தாழ ஆறு வாரங்கள் அதனைத் தொடர்ந்து நோக்கினார். பின்னர் நோயினாலும், கோள் கதிரவனின் ஒளிக்குள் மறைந்ததனாலும் அது கைநழுவிற்று. கிடைத்தவை மிகச் சிறிய வளைவொன்றின் மேல் அமைந்த சில குறிப்புகளே.

ஜெர்மனியில் 24 வயது இளைஞராய் இருந்த கவுஸ் என்னும் கணித மேதை அக்குறிப்புகளைக் கொண்டே கோளின் முழுப் பாதையையும் கணித்தார். அவர் சுட்டிய இடத்தை அடுத்து, அவ்வாண்டு டிசம்பர் 31-ஆம் நாள் சாக் என்பார் சீரிஸை மீண்டும் கண்டார். முதலிற் கண்டவர் ஒருவர், கணித்தவர் இன்னொருவர், மீட்டவர் மூன்றாமவர். குறிப்புகள் ஒவ்வொன்றிலும் சிறு பிழை இருக்கவே செய்யும். பிழையுள்ள குறிப்புகள் பலவற்றை முறையாகச் சேர்த்தால் அவற்றுள் எந்த ஒன்றையும்விட நம்பத்தக்க முடிபு கிடைக்கும். விண்பொருள்களைத் தேடும் கலை முழுவதற்கும் இதுவே வேர்.

சீரிஸ் கதிரவனை ஒருமுறை சுற்ற நான்கரை ஆண்டுகளுக்கு மேலாகும். ஆகவே கணித்தற்கு வேண்டிய காலம் கவுஸுக்கு இருந்தது. 1957-இல் தோன்றிய புதிய பொருளோ அத்தகைய காலத்தைத் தரவில்லை.

ஸ்புட்னிக்கும் மூவகைக் கருவிகளும்

1957-ஆம் ஆண்டு அக்டோபர் 4-ஆம் நாள் சோவியத் ஒன்றியம் ஸ்புட்னிக் என்னும் முதற் செயற்கைக் கோளை ஏவிற்று. 58 சென்டிமீட்டர் குறுக்களவும் 83.6 கிலோகிராம் எடையும் உடைய அவ்வுருண்டை 96 நிமிடங்களுக்கு ஒருமுறை உலகைச் சுற்றி வந்தது. அந்தி வேளையில் மக்கள் வெறுங் கண்ணாற் கண்டு வியந்தது பெரும்பாலும் அவ்வுருண்டையை அன்று. அதனை ஏற்றிச் சென்று தானும் உடன் சுற்றிய பெரிய ராக்கெட் பகுதியையே.

அதனைப் பின்தொடர மூவகைக் கருவிகள் முன்வந்தன. முதலாவது வானொலிச் செவி. அமெரிக்கா தன் செயற்கைக் கோளுக்காக மினிட்ராக் என்னும் நிலைய வரிசையை அமைத்து வைத்திருந்தது. அது 108 மெகா ஹெர்ட்ஸ் அலைக்கென்று அமைந்தது. ஸ்புட்னிக்கோ 20, 40 மெகா ஹெர்ட்ஸ் அளவில் ஒலித்தது. ஆகவே நிலையங்களை அவசரமாக மாற்றி அமைக்க நேர்ந்தது. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக் கழகத்தின் ஆய்வுக்கூடத்தில் இருந்த கையர், வைஃபன்பாக் என்னும் இருவர் வேறொரு வழி கண்டனர். நம்மை நோக்கி வரும் ரயிலின் ஊதலொலி உயர்ந்தும், கடந்து செல்கையில் தாழ்ந்தும் கேட்பது போலக் கோளின் வானொலி அலையும் மாறுவதை அளந்து, அம்மாற்றத்திலிருந்தே பாதையைக் கணித்தனர்.

இரண்டாவது ரேடார். அலையை நாமே அனுப்பி, பொருளிற் பட்டு மீளும் எதிரொலியைக் கொண்டு தொலைவை அறியும் முறை இது. இங்கிலாந்தின் ஜோட்ரல் பாங்க் நிலையத்தில் அப்பொழுதுதான் நிறைவெய்தியிருந்த 76 மீட்டர் பெருந்தட்டு, ஸ்புட்னிக்கை ஏற்றிச் சென்ற ராக்கெட்டை ரேடாரால் கண்டது.

மூன்றாவது கண். ஸ்மித்சோனிய வானாய்வு நிலையத்தின் தலைவர் ஃபிரெட் விப்பிள், கோள் ஏவப்படுவதற்கு முன்னரே மூன்வாட்ச் என்னும் தொண்டர் இயக்கத்தைத் தொடங்கியிருந்தார். மாணவரும் ஆசிரியரும் பிறதொழிலினரும் சிறு தொலைநோக்கிகளுடன் வரிசையாக அமர்ந்து, வானத்தின் ஒரு கோட்டைப் பகிர்ந்து காவல் காத்தனர். கோள் எவர் நோக்கியிற் கடந்ததோ அவர் அந்நேரத்தைக் குறிப்பார். அக்குறிப்பு துல்லியமானதன்று, ஆயின் அகன்ற வானம் முழுவதையும் காத்தது. துல்லியத்துக்கென்று பேக்கர், நன் என்னும் இருவர் அமைத்த பெருங் காமிராக்கள் உலகில் 12 இடங்களில் நிறுவப்பட்டன. இந்தியாவின் நைனித்தாலும் அவற்றுள் ஒன்று. அக்காமிரா எங்கே நோக்க வேண்டும் என்று முன்னரே அறிந்தால்தான் படம் பிடிக்கும். அவ்வறிவைத் தந்தது தொண்டர்களின் குறிப்பு. அகலக் காணும் கண் வழிகாட்ட, ஆழக் காணும் கண் தொடர்ந்தது. இன்றும் இத்துறையில் வேலை இவ்வாறே பகிர்ந்து நடைபெறுகிறது.

ஒவ்வொரு கருவிக்கும் ஒரு குறை

வானொலிச் செவிக்கு ஒரு பெருங்குறை உண்டு. கோள் வாய் மூடினால் செவிக்கு வேலை இல்லை. 1958-ஆம் ஆண்டு மார்ச் 17-ஆம் நாள் ஏவப்பட்ட வான்கார்டு-1 என்னும் சிறு கோள் 1964-இல் ஒலி அடங்கிற்று. ஆயினும் அது இன்றும் சுற்றிக்கொண்டிருக்கிறது. மனிதன் ஏற்றி இன்னும் விண்ணில் தங்கியுள்ள பொருள்களுள் அதுவே மூத்தது. ஊமையான பொருள்களைக் காண ரேடாரும் தொலைநோக்கியுமே துணை. இதனைக் கருதியே அமெரிக்கக் கடற்படை, தன் நாட்டின் தென்பகுதியில் கிழக்கு மேற்காக, ஏறத்தாழ 33 பாகை வட அகலக்கோட்டை ஒட்டி ஒரு வானொலி வேலியை அமைத்தது. அதனைக் கடக்கும் பொருள்கள் தாமே அலையை எதிரொலித்துத் தம்மைக் காட்டிக் கொடுத்தன. 1961-இல் பல்வேறு கருவிகளின் குறிப்புகளும் ஒரே கட்டளையின்கீழ்க் கொண்டுவரப்பட்டு, பொருள்களுக்கு எண்ணிட்ட பட்டியல் பேணப்படலாயிற்று.

ரேடார் இரவு பகல் பாராது, மேகத்தையும் ஊடுருவும். ஆயின் தொலைவு அதற்குப் பகை. அலை செல்லும்போதும் பரவி மெலிகிறது; மீளும்போதும் பரவி மெலிகிறது. ஆதலால் எதிரொலியின் வலிமை தொலைவின் நான்காம் அடுக்குக்கு ஏற்பக் குறையும். 1,000 கிலோமீட்டரில் உள்ள பொருளை 36,000 கிலோமீட்டருக்குக் கொண்டுபோனால் தொலைவு 36 மடங்கு. எதிரொலியோ ஏறத்தாழ 16 இலட்சத்து 80 ஆயிரத்தில் ஒரு பங்காகும். செய்தித் தொடர்புக் கோள்கள் நிலைத்து நிற்பது போலத் தோன்றும் உயரம் அந்த 36,000 கிலோமீட்டரே.

தொலைநோக்கியின் நிலை வேறு. பொருளின்மேல் ஒளி பாய்ச்சும் வேலையைக் கதிரவன் செய்கிறான். ஒளி மீண்டு வரும் ஒரு வழிக்கே மெலிவு உண்டு. அதே 36 மடங்கு தொலைவுக்கு ஒளி 1,296-இல் ஒரு பங்கே ஆகும். ஆகவே தாழப் பறப்பனவற்றுக்கு ரேடாரும், உயரச் சுற்றுவனவற்றுக்குத் தொலைநோக்கியும் என்ற பங்கீடு இயல்பாக உண்டாயிற்று. 1980-களில் நியூ மெக்சிகோவின் சொக்கோரோ, ஹவாயின் மாவி, இந்துமாக்கடலின் தியேகோ கார்சியா முதலிய இடங்களில் ஒரு மீட்டர் அளவுத் தொலைநோக்கிகள் இவ்வேலைக்கென்றே அமைந்தன. ஆனால் இரவு வேண்டும்; மேகமற்ற வானம் வேண்டும்; ஓரிடத்திலிருந்து அவ்வுயரப் பாதையின் பாதிக்கும் குறைவான பகுதியே அடிவானத்துக்கு மேல் தோன்றும். மழைக்கால மாதங்களில் நம் நாட்டு வானத்தைப் பார்ப்பவர்க்கு மேகத்தின் கொடுமையை விளக்க வேண்டியதில்லை.

விண்ணில் வைத்த கண்

மேகத்துக்கு மேலே சென்றுவிட்டால் என்ன என்ற எண்ணம் எழுந்தது இயல்பே. 1996-ஆம் ஆண்டு ஏப்ரல் 24-ஆம் நாள் கலிபோர்னியாவிலிருந்து எம்.எஸ்.எக்ஸ். என்னும் அமெரிக்க ஆய்வுக்கலம் ஏவப்பட்டது. ஏவுகணைகளை ஆராய்வதற்கென்று சென்ற அக்கலத்தில், எம்.ஐ.டி. லிங்கன் ஆய்வுக்கூடம் அமைத்த 15 சென்டிமீட்டர் வாயுடைய சிறு தொலைநோக்கி ஒன்றும் இருந்தது. தரையில் இருந்த ஒரு மீட்டர் நோக்கிகளுக்கு முன் அது சிறு பிள்ளை. ஆயினும் அதற்குப் பகல் இல்லை, மேகம் இல்லை, காற்றின் கலக்கம் இல்லை. தான் சுற்றிவரும்போதே உயரப் பாதை முழுவதையும் பல திசைகளிலிருந்து நோக்க வல்லது. தரைக் கண்களுக்குத் தப்பித் தொலைந்திருந்த உயரக் கோள்களைத் தேடிப் பிடிப்பதற்கு அது பெரிதும் துணை செய்தது. 2008-இல் அக்கலம் ஓய்வு பெற்றது.

2010-ஆம் ஆண்டு செப்டம்பரில் இதற்கென்றே அமைந்த எஸ்.பி.எஸ்.எஸ். என்னும் கலம் 30 சென்டிமீட்டர் நோக்கியுடன் விண்ணேறிற்று. 2013-ஆம் ஆண்டு பிப்ரவரி 25-ஆம் நாள் கனடாவின் சஃபையர் என்னும் கலம் ஏவப்பட்டது. அது புறப்பட்ட இடம் இந்தியாவின் ஸ்ரீஹரிகோட்டா. ஏற்றிச் சென்றது பி.எஸ்.எல்.வி. ராக்கெட். கனடா தந்த குறிப்புகள் அமெரிக்கப் பட்டியலுக்குச் சென்று சேர்ந்தன.

விண்ணிற் சென்றதனால் இக்கண் தரைக்குக் கடன்படாதது என்று எண்ணலாகாது. நோக்குபவன் நிற்கும் இடம் தெரியாவிட்டால் அவன் காட்டும் திசைக்குப் பொருளே இல்லை. தரை நோக்கியின் இடம் மாறாதது, அளந்து வைத்துவிடலாம். விண் நோக்கியோ விநாடிக்கு ஏழரை கிலோமீட்டர் விரைவில் ஓடுகிறது. அதன் கடிகாரம் விநாடியின் ஆயிரத்தில் ஒரு பங்கு பிழைத்தாலும் இடம் ஏழரை மீட்டர் பிழைக்கும். ஆகவே அதன் இடத்தைத் தரை நிலையங்களின் துணையாலோ, ஜீ.பி.எஸ். போன்ற வழிகாட்டிக் கோள்களின் துணையாலோ இடைவிடாது அறிய வேண்டும். அவ்வழிகாட்டிக் கோள்களின் முன்னோடியான டிரான்சிட், ஸ்புட்னிக்கின் ஒலியைக் கேட்ட கையர், வைஃபன்பாக் இருவரின் ஆய்விலிருந்து பிறந்ததே.

கயிறும் விரலும்

இருவகைக் கண்களையும் சேர்ப்பது எவ்வாறு? பள்ளித் திடலில் இதனைக் காட்டலாம். திடலின் நடுவே ஒரு கம்பம் இருக்கட்டும். ஒரு மூலையில் நிற்கும் மாணவன் கம்பத்தை விரலாற் சுட்டுகிறான். திசை நன்கு தெரிகிறது, தொலைவு தெரியவில்லை. தொலைநோக்கி இம்மாணவனைப் போன்றது. இன்னொரு மாணவன் நீண்ட கயிற்றின் ஒரு முனையைப் பிடித்துள்ளான். கம்பம் எத்தனை அடித் தொலைவு என்று துல்லியமாகச் சொல்வான். திசையைச் சற்றே தடுமாறிச் சொல்வான். ரேடார் இவனைப் போன்றது. விரலும் கயிறும் சேர்ந்தால் ஒரே புள்ளி கிடைக்கும். வேறொரு மூலையிலிருந்து இன்னொரு விரல் சுட்டினாலும் கோடுகள் வெட்டுமிடத்தில் அப்புள்ளி கிடைக்கும். விண் நோக்கி அந்த வேறொரு மூலை.

ஆனால் மூவரின் சொல்லும் ஒத்துப்போகாதபோது யாரை நம்புவது? இதுவே இக்கலையின் உயிர்நிலை. ஒரு நிலத்தின் நீளத்தைக் காலடியால் அளந்த ஒருவர் 400 அடி என்கிறார். அவர் அளவையில் 10 அடி பிழை வரலாம். சங்கிலியால் அளந்தவர் 413 அடி என்கிறார்; அவர் அளவையில் 2 அடி பிழை வரலாம். இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்தால் 406.5 என வரும்; அது முறையன்று. பிழையின் வர்க்கத்துக்குத் தலைகீழாக மதிப்புத் தர வேண்டும். பிழைகள் 10-க்கு 2. வர்க்கங்கள் 100-க்கு 4. ஆகவே மதிப்புகள் 1-க்கு 25. அவ்வாறு கணித்தால் விடை 412.5 அடி. அதன் பிழை 2 அடிக்கும் சற்றே குறைவு. காலடியால் அளந்தவரின் சொல்லும் முற்றிலும் வீணாகவில்லை என்பதைக் கவனிக்க. தாழ்ந்த சாட்சியும் தன் தாழ்வை மறையாமற் சொன்னால் பயன்படும்.

கவுஸ் தொடங்கிவைத்த இம்முறையை 1960-இல் ருடால்ஃப் கால்மன் என்னும் அறிஞர் ஓடும் பொருள்களுக்கு ஏற்றவாறு விரித்தார். பொருள் அடுத்து எங்கே வரும் என்று முதலில் கணித்து, அக்கணிப்பில் எவ்வளவு ஐயம் உண்டு என்பதையும் உடன் எழுதி வைக்க வேண்டும். புதிய குறிப்பு வந்ததும் கணிப்பின் ஐயத்தையும் குறிப்பின் ஐயத்தையும் சீர்தூக்கித் திருத்த வேண்டும். இந்த ஐயக்கணக்கு இருந்தால் ரேடாரின் தொலைவும், தரை நோக்கியின் கோணமும், விண் நோக்கியின் கோணமும் ஒரே ஏட்டில் இடம் பெறலாம். கோணத்தில் ஒரு பாகையின் 3,600-இல் ஒரு கூறு பிழைத்தால் 36,000 கிலோமீட்டர் தொலைவில் ஏறத்தாழ 175 மீட்டர் பிழையாகும் என்று கணக்கு அறிந்திருக்கும். அதற்கேற்பவே அச்சொல்லை நம்பும்.

2009-ஆம் ஆண்டின் பாடம்

ஐயக்கணக்கை விட்டுவிட்டால் வருவது என்ன? 2009-ஆம் ஆண்டு பிப்ரவரி 10-ஆம் நாள் அதற்கு விடை கிடைத்தது. சைபீரியாவின் தைமீர் பகுதிக்கு மேலே, ஏறத்தாழ 790 கிலோமீட்டர் உயரத்தில், இயங்கிக்கொண்டிருந்த இரிடியம்-33 என்னும் செய்தித் தொடர்புக் கோளும், செயலிழந்த காஸ்மாஸ்-2251 என்னும் ரஷ்யக் கோளும் மோதின. ஒன்றையொன்று நெருங்கிய விரைவு விநாடிக்கு 11 கிலோமீட்டருக்கு மேல். இரண்டும் நொறுங்கி, பட்டியலில் ஏறத்தக்க 2,000-க்கும் மேற்பட்ட துண்டுகளாயின. முழுக் கோள்கள் இரண்டு தற்செயலாக மோதிச் சிதைந்தது அதுவே முதன்முறை.

இங்கே அன்பர்கள் ஒன்றைக் கருத வேண்டும். அவ்விரண்டும் யாரும் காணாத பொருள்கள் அல்ல. இரண்டுக்கும் பட்டியலில் எண் இருந்தது. பொதுவில் வெளியிடப்பட்ட பாதைக் குறிப்புகளைக் கொண்டு கணித்தவர்கள், அவை 584 மீட்டர் இடைவெளியில் கடந்து செல்லும் என்ற விடையையும் பெற்றிருந்தனர். அதனினும் நெருக்கமாக அமைந்த கணிப்புகள் அந்நாட்களில் வேறு பலவும் இருந்தன. அவை மோதலின்றி முடிந்தன. 584 மீட்டர் என்ற எண்ணுக்குள் எத்துணைப் பிழை அடங்கியுள்ளது என்பதே தெரிந்திருக்க வேண்டிய செய்தி. அவ்விரைவில் 584 மீட்டர் என்பது விநாடியின் 20-இல் ஒரு பங்கு நேரம். பிழையைச் சொல்லாத எண், எண் போலத் தோன்றும் வெறும் சொல்லே.

அம்மோதலின் துண்டுகள் பல இன்றும் சுற்றுகின்றன. 2007-ஆம் ஆண்டு ஜனவரி 11-ஆம் நாள் சீனா தன் பழைய வானிலைக் கோள் ஒன்றைத் தானே தாக்கி உடைத்ததனால் எழுந்த 3,000-க்கும் மேற்பட்ட துண்டுகளும் அவற்றோடு கூடின. ஐரோப்பிய விண்வெளி முகமை 2025-இல் வெளியிட்ட அறிக்கையின்படி, தொடர்ந்து நோக்கப்படும் பொருள்கள் சுமார் 40,000.

நம் கோள்களும் பிறர் கண்களும்

இச்செய்தி வல்லரசுகளுக்கே உரியதென்று நாம் ஒதுங்கியிருத்தல் இயலாது. 2009-ஆம் ஆண்டு ஜூலை 14-ஆம் நாள், மேற்சொன்ன மோதல் நிகழ்ந்த ஐந்து மாதங்களில், மலேசியாவின் ரசாக்சாட் விண்ணேறிற்று. நிலநடுக்கோட்டை அடுத்த நாடுகளை அடிக்கடி படம் பிடிக்க வேண்டி, 9 பாகைச் சாய்வே உடைய பாதையில் அது விடப்பட்டது. 2015-ஆம் ஆண்டு டிசம்பர் 16-ஆம் நாள் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து சென்ற சிங்கப்பூரின் டெலியோஸ்-1 கோளின் பாதைச் சாய்வு 15 பாகை. இத்தகைய கோள்கள் நிலநடுக்கோட்டின் அருகிலேயே ஓடுபவை. 33 பாகை வடக்கே நின்ற அமெரிக்க வானொலி வேலியை ஒருபோதும் கடவாதவை. உலகின் மிகப் புகழ்பெற்ற வேலிக்கு அவை தெரிந்திருக்கவே வழியில்லை. அவற்றைக் காண நிலநடுக்கோட்டை அடுத்த கருவிகளே வேண்டும்.

அப்பழைய வேலி 2013-இல் மூடப்பட்டது. புதிய வேலி 2020-ஆம் ஆண்டு மார்ச்சில் பசிபிக் கடலின் குவாஜலின் பவளத்தீவில் வேலை தொடங்கிற்று. அவ்விடம் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 9 பாகை அளவில் உள்ளது. தாழ்ந்த சாய்வுடைய கோள்களும் அதன் பார்வைக்குள் வரும். ரசாக்சாட் ஏவப்பட்டதும் அப்பவளத் தீவுக்கூட்டத்திலிருந்தே என்பது நினைக்கத்தக்கது. நம் கோளுக்கு ஆபத்து வருமா என்பதைப் பெரும்பாலும் பிறருடைய கண்களே நமக்குச் சொல்கின்றன. பிறர் தரும் எண்ணை ஏற்கும் முன், அதில் எவ்வளவு பிழை உண்டு என்று கேட்கத் தெரிந்த இளைஞர்கள் நமக்கு வேண்டும். அக்கேள்வியைப் பழக்குவது ஆசிரியர் கடன்.

அதற்குப் பெருங் கருவிகள் தேவையில்லை. 25 கிலோமீட்டர் இடைவெளி உள்ள இரண்டு தோட்டப் பள்ளிகள் ஒரு மாலையில் ஒத்துப் பேசிக்கொள்ளட்டும். பன்னாட்டு விண்வெளி நிலையம் அந்தி வேளையில் உச்சி வானத்தைக் கடக்கும் நாளைத் தெரிந்துகொண்டு, கடிகாரங்களை ஒன்றாக்கி, ஒரே விநாடியில் அது எந்த விண்மீனை அடுத்துத் தோன்றுகிறது என்று மாணவர் குறிக்கட்டும். சுமார் 420 கிலோமீட்டர் உயரத்தில் செல்லும் அது, இரு பள்ளிகளுக்கும் ஒரே இடத்தில் தோன்றாது. விண்மீன்களிடையே ஏறத்தாழ 3 பாகை விலகித் தோன்றும். முழுநிலவின் அகலம் அரைப் பாகையே ஆதலால் அவ்விலகலைச் சிறுவரும் காண்பர். அவ்விலகலையும் இரு பள்ளிகளின் இடைவெளியையும் கொண்டு நிலையத்தின் உயரத்தைக் கரும்பலகையிலேயே கணிக்கலாம். விடையோடு, அதில் எத்தனை கிலோமீட்டர் பிழை இருக்கலாம் என்பதையும் மாணவர் எழுத வேண்டும். தனி ஒரு பள்ளி எத்தனை நாள் நோக்கினாலும், ஒரு கணத்துத் திசையைக் கொண்டு அவ்வுயரத்தைச் சொல்ல இயலாது. இரண்டு பள்ளிகளும் தம் குறிப்புகளை மறையாமற் பகிர்ந்துகொண்டால் ஒரே மாலையிற் சொல்லிவிடலாம்.